புதுப்பிப்பு: ரூட் கெனாலைப் பாதியில் விட்டுப் போகும் நோயாளிகள்

எங்கள் பல் கிளினிக்கில் ரூட் கெனால் (பல்லின் வேர் சிகிச்சை) செய்ய வருபவர்களில், முதல் சிட்டிங்கில் வலி நின்றதும் பலர் திரும்பி வருவதில்லை, நாற்காலி காலியாகக் கிடக்கிறது, கிளினிக் வருமானம் அடிவாங்குகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "நோயாளி எழுந்து போவதற்கு முன்பே அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள்" என்ற யோசனைதான். கூடவே எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி விளக்குகிறேன்: "நரம்பை எடுத்ததால் வலி போயிருக்கிறது, சிகிச்சை முடியவில்லை. இந்தத் தற்காலிக அடைப்பு சில வாரங்களில் கசியும், கிருமி மறுபடி உள்ளே இறங்கும். கடைவாய்ப் பல்லுக்கு கேப் (மேலே மூடும் உறை) போடாவிட்டால் மெல்லும்போது பிளந்துவிடலாம்." படத்தைப் பார்த்தபின் கேள்வி கேட்கிறார்கள், தேதியையும் அவர்களே கேட்கிறார்கள்.

முந்தைய நாள் வாட்ஸ்அப் செய்தியைவிட வரவேற்பாளரின் போன் அழைப்பே நன்றாக வேலை செய்கிறது. கட்டணத்தில் தள்ளுபடி தரும் யோசனை எங்களுக்கு உதவவில்லை.

எதிர்பாராத ஒன்று: வர முடியாதவர்கள் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுவதால், காத்திருப்புப் பட்டியலில் வலியோடு இருப்பவருக்கு அந்த நேரத்தைக் கொடுக்க முடிகிறது. கேப் வரை முடித்தவர்கள் இப்போது குடும்பத்தினரையும் பரிசோதனைக்கு அழைத்து வருகிறார்கள்.