கார்ல் ரோஜர்ஸ்: அறிவுரை சொல்லாமல் ‘அறிவுரை பகர்வது’ எப்படி?

பிஎட்_மாணவி:
வணக்கம். எங்கள் ‘வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்’ பாடத்தில் மனிதநேய உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) பற்றி ஒன்றரைப் பக்கம் வருகிறது. உதவி தேடி வருபவருக்கு யோசனை கூறக் கூடாது, அவர் சொல்வதைப் பிரதிபலித்தாலே போதும் என்று குறிப்பில் இருக்கிறது. பாடத்தின் பெயரோ அறிவுரை பகர்தல். வகுப்பில் நடந்த பயிற்சியின்போது என் தோழி, “வீட்டில் யாரும் என்னை மதிப்பதில்லை” என்றாள். நானும் குறிப்பில் உள்ளபடி, “வீட்டில் யாரும் உன்னை மதிப்பதில்லை என்கிறாய்” என்றேன். “அதைத்தானே நானும் சொன்னேன்” என்று அவள் சிரித்துவிட்டாள். கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னதற்கா இந்த மனிதருக்கு இத்தனை புகழ்? அவர் உண்மையில் என்னதான் செய்தார்?

வைகைக்கரை:
ரோஜர்ஸும் தொடக்கத்தில் அறிவுரை சொன்னவர்தான் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் நலப் பணியில் இருந்தபோது, நோயை ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்து, அதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதே தம் வேலை என்று அவர் நம்பியிருந்தார். அங்கே அடங்காத ஒரு சிறுவனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தார். அந்தத் தாய் பிள்ளையைச் சிறு வயதிலேயே மனத்தளவில் ஒதுக்கிவிட்டதுதான் காரணம் என்பது ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ சந்திப்புகளில் பக்குவமாக எடுத்துச் சொல்லியும் அது அந்தப் பெண்மணியிடம் எடுபடவில்லை. கடைசியில், இருவருமே முயன்று பார்த்துவிட்டோம், இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் கூற, அந்தத் தாயும் ஒப்புக்கொண்டு, கைகுலுக்கிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும், எழுந்துபோன அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தம் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது என்று ரோஜர்ஸ் பிற்காலத்தில் எழுதினார். மகனின் நிலையும் பின்னர் சீரானது.

எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு நூலறிவால் வந்ததன்று, இப்படித் தோற்ற பிறகு வந்தது. அதற்கு வேராக இன்னொன்றும் இருந்தது. கட்டுப்பாடு மிகுந்த கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், பன்னிரண்டு வயது முதல் பண்ணையில் வளர்ந்து, கல்லூரியில் முதலில் வேளாண்மை படித்தவர். குளிர்காலத்துக்காக நிலவறையில் போட்டு வைத்த உருளைக்கிழங்குகள், எட்டாத உயரத்தில் இருந்த சிறு சன்னலின் வெளிச்சத்தை நோக்கி, வெளிறிய முளைகளை இரண்டு மூன்றடி நீளத்துக்கு நீட்டியிருந்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மிக மோசமாகச் சிதைந்த மனிதரையும் அவர் அந்த முளையாகவே பார்த்தார்.

பழைய_ஆசிரியர்:
கிளிப்பிள்ளைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் தோழி சிரித்ததில் வியப்பில்லை. 1966இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய ‘எலைசா’ என்ற கணினி நிரல் இதே வேலையைத்தான் செய்தது. ரோஜர்ஸ் வழி ஆலோசகரைப் போல, எதிராளியின் சொற்களையே கேள்வியாக்கித் திருப்பி அனுப்பியது. அப்படியானால், ஒரு நிரலால் செய்ய முடியாததாக ரோஜர்ஸிடம் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். “யாரும் மதிப்பதில்லை” என்பவரிடம், “எவ்வளவு செய்தாலும் அது யார் கண்ணிலும் படவில்லை என்ற அலுப்பா, அல்லது நாமே மதிப்பில்லாதவரோ என்ற பயமா?” என்று தாம் புரிந்துகொண்டதை முன்வைத்து, “நான் சொல்வது சரியா?” என்று காத்திருப்பது வேறு. தவறென்றால் அவர் திருத்துவார், அந்தத் திருத்தத்திலேயே பாதி வேலை நடந்துவிடும். ‘உணர்வுகளைப் பிரதிபலித்தல்’ என்ற சொல்லே தமக்கு உறுத்துவதாகவும், புரிந்தது சரிதானா என்று சோதித்துப் பார்ப்பதே தாம் செய்தது என்றும் 1986இல் ரோஜர்ஸ் எழுதினார்.

பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இன்னொரு சாதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை அறையில் நடப்பது அதுவரை மருத்துவரின் நினைவுக் குறிப்பாக மட்டுமே வெளியே வந்தது. ரோஜர்ஸ் அதை ஒலிப்பதிவு செய்தார். 1942இல் வெளியான தம் நூலில், ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயர் கொண்ட ஒருவருடன் நடந்த எட்டுச் சந்திப்புகளையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். தாம் சறுக்கிய இடங்களையும் மறைக்காமல், அடிக்குறிப்பில் தாமே சுட்டிக்காட்டினார். என் கணக்கில், ஆலோசகருக்கு ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, மெய்ம்மை என்ற மூன்று பண்புகள் வேண்டும் என்ற அவருடைய கொள்கையைவிட இதுவே பெரிய துணிச்சல்.

ஐயப்பாடு:
புகழ்ச்சி சற்று அதிகமாகிறது. ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, ஆலோசகரின் மெய்ம்மை ஆகியவற்றை உள்ளிட்ட ஆறு நிபந்தனைகள் நிறைவேறினால் போதும், வேறெதுவும் தேவையில்லை என்று 1957இல் அவர் எழுதினார். அதன் பின் விஸ்கான்சினில், மெண்டோட்டா மருத்துவமனையின் மனச்சிதைவு நோயாளிகளிடம் அந்தக் கொள்கையைச் சோதித்தபோது எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. ஆய்வுக் குழுவுக்குள்ளும் கசப்பான சண்டை மூண்டது. அதே 1957இல் மேடையில் அவருடன் உரையாடிய யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர், உதவி கேட்டு வருபவரும் உதவுபவரும் ஒருபோதும் சரிசமமாக உட்கார்ந்திருக்கவில்லை என்று வாதிட்டார். அதற்கு ரோஜர்ஸ் அளித்த பதில் எனக்கு நிறைவாக இல்லை.

பழைய_ஆசிரியர்:
மெண்டோட்டா பற்றி நீங்கள் சொல்வது சரி. ‘இவை தேவை’ என்ற பாதி நிலைத்துவிட்டது, ‘இவை மட்டுமே போதும்’ என்ற பாதியைத்தான் இன்று பலர் ஏற்பதில்லை.

பிஎட்_மாணவி:
அனைவருக்கும் நன்றி. மூத்தவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி. ‘அறிவுரை பகர்தல்’ என்ற சொல்லே அவருக்கு முரணானதல்லவா? ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று எழுதலாமா?

வன்னிக்காரன்:
தங்கச்சி, ஆற்றுப்படை என்பதே, பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு ‘இன்ன வள்ளலிடம் போ’ என்று வழி காட்டுவதுதானே? அதுவும் வழிகாட்டல்தான். இலங்கையில் நாங்கள் ‘உளவளத்துணை’ என்கிறோம். வருபவரைத் ‘துணைநாடி’ என்போம். நோயாளி என்ற சொல்லைத் தவிர்த்த ரோஜர்ஸுக்கு இவை ஓரளவு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அவருடைய பிற்கால வேலை எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. வட அயர்லாந்தில் மோதலில் சிக்கியிருந்த பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கத்தோலிக்கர்களையும் புரட்டஸ்தாந்தர்களையும் 1972இல் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேச விட்டார். அது படமாகவும் எடுக்கப்பட்டது. உணர்ச்சியை உள்ளே அடைத்து வைக்க மனத்தில் இறங்கும் இரும்புக் கதவைப் பற்றி அங்கே பேச்சு வந்தது, படத்துக்கும் அதுவே பெயராயிற்று. எண்பது வயதில் தென்னாப்பிரிக்காவுக்கும் போய், வெள்ளையரும் கறுப்பரும் கலந்த குழுக்களை நடத்தினார். போர் பார்த்த ஊரில் பிறந்த எனக்கு, அந்தக் கதவு என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பரீட்சையில் மட்டும் ‘அறிவுரை பகர்தல்’ என்றே எழுதிவிடுங்கள். திருத்துபவர் எங்கள் ஆளாக இருக்க மாட்டார்.