மறுமொழி: விட்னஸ் ட்ரீ – எல்லை மரமா, சான்று மரமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்க நில அளவர் ஜோசப் எலிகாட் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் நண்பர் 'விட்னஸ் ட்ரீ'க்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். எல்லை மரம், அடையாள மரம், சாட்சி மரம் என்று மூன்று வந்திருக்கின்றன. எல்லை மரத்துக்கு ஆதரவு கூடுவதைப் பார்த்துத்தான் இந்த மடல். தயவுசெய்து அது வேண்டாம்.

காரணம், அந்த மரம் எல்லையில் நிற்பதே இல்லை. அன்றைய அமெரிக்கக் காட்டில் நிலம் அளந்தவர்கள் மூலைக்கு மூலை ஒரு மரக்கம்பம் நடுவார்கள். கம்பம் மக்கிப்போகும், தீயில் எரியும், சில சமயம் பக்கத்து நிலத்துக்காரரே பிடுங்கி நாலடி தள்ளி நட்டுவிடுவார். அதற்காக, கம்பத்துக்குப் பக்கத்தில் தானாக வளர்ந்து நிற்கிற இரண்டொரு மரங்களைப் பார்த்து, கம்பத்தை நோக்கிய பக்கத்தில் பட்டையைச் சீவிக் குறி வெட்டி, இன்ன மரம், இவ்வளவு பருமன், கம்பத்திலிருந்து இந்தத் திசையில் இத்தனை கண்ணி தூரம் என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். கம்பம் போனாலும் மரத்திலிருந்து திருப்பி அளந்தால் மூலை கிடைத்துவிடும். (கண்ணி என்றது 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு. நம் ஊர்ப் பழைய புலப்படங்களில் இருக்கிற அதே லிங்க்ஸ்தான்; ஆயிரம் சதுர லிங்க்ஸ் சேர்ந்தால் ஒரு சென்ட்.)

'கல்லும் கள்ளியும் நாட்டி' என்று சோழர் செப்பேட்டில் வருகிறதே, அப்படியானால் எல்லை மரம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மேற்கோள், ஆனால் அதுவே என் பக்கம்தான் பேசுகிறது. அந்தக் கள்ளி எல்லையிலேயே கொண்டுபோய் நட்டது, எல்லையே அதுதான். எலிகாட் ஆட்கள் குறி வெட்டிய மரம் எல்லையிலிருந்து தள்ளி நின்று எல்லை எங்கே இருந்தது என்று சொல்கிற மரம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நாளைக்குச் செப்பேட்டைப் படிக்கிறவருக்கும் குழப்பம்.

கட்டுரைக்குரிய ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்வதற்கு அது உதவும். எலிகாட்டுகள் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியைச் சேர்ந்த, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவுக் குடும்பம். தகப்பனார், அவர் பெயரும் ஜோசப்தான், கடிகாரம் செய்பவர். நான்கு முகம் கொண்ட இசைக்கடிகாரம் ஒன்றை 1769இல் செய்தார். அப்புறம் சகோதரர்களோடு மேரிலாந்தின் படாப்ஸ்கோ ஆற்றங்கரையில் மாவு ஆலை வைத்தார், அந்த இடம் இன்று எலிகாட் சிட்டி. பல்சக்கரமும் நுணுக்க அளவும் புழங்கிய அந்த வீட்டிலிருந்து மூன்று நில அளவர்கள் வந்தார்கள். மூத்தவர் ஆண்ட்ரூ (பிறப்பு 1754) தலைநகர் வாஷிங்டனுக்கான பத்து மைல் சதுரத்தை 1791இல் அளக்கத் தொடங்கினார். ஆரம்ப மாதங்களில் அவரோடு வானியல் கணக்குப் பார்த்தவர் பெஞ்சமின் பேனெக்கர், எலிகாட் ஆலைக்கு அக்கம்பக்கத்தில் பயிர் செய்துவந்த சுதந்திரக் கறுப்பினத்தவர். நகர வரைபடம் போட்ட லான்ஃபான் 1792இல் விலக்கப்பட்டதும் அந்த வேலையை முடித்துக் கொடுத்தது ஆண்ட்ரூவும் தம்பி பெஞ்சமினும். 1760இல் பிறந்த ஜோசப்பும் அங்கே அண்ணனிடம்தான் வேலை பார்த்தார்.

ஜோசப்பின் பெரிய வேலை நியூயார்க் மாநிலத்தின் மேற்கில். ஆம்ஸ்டர்டாம் வங்கிக்காரர்கள் சேர்ந்து வாங்கிய சுமார் 33 லட்சம் ஏக்கர் காடு அது, அவர்கள் கூட்டுக்கு ஹாலந்து லேண்ட் கம்பெனி என்று பெயர். 1797இல் பிக் ட்ரீ என்ற இடத்தில் நடந்த உடன்படிக்கையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான செனெகா மக்கள் ஒரு லட்சம் டாலருக்கு உரிமையை விட்டுக்கொடுத்தார்கள், தங்களுக்கென்று சில துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தொகையை ஏக்கர் கணக்கில் வகுத்துப் பாருங்கள், எனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. கம்பெனி தரப்பில் ஜோசப்பும் அங்கே இருந்தார். மறு வருடம் கிழக்கு எல்லைக்கோட்டைப் போட ஆரம்பித்தபோது காந்த ஊசியை நம்ப அவருக்கு மனமில்லை. தம்பி பெஞ்சமின் செய்துகொடுத்த டிரான்சிட் கருவியால் நட்சத்திரங்களைப் பார்த்து, காட்டை வெட்டி வழி திறந்துகொண்டே நேர் வடக்காகக் கோட்டை இழுத்தார். 1800இலிருந்து 1821 வரை கம்பெனியின் முகவர் அவர்தான். படேவியா ஊரை உண்டாக்கினார். பஃபலோ நகரத்துக்கு 1804இல் போட்ட ஆரக்கால் தெருக்களில் வாஷிங்டன் சாடை நன்றாகவே தெரியும். நியூ ஆம்ஸ்டர்டாம் என்று அதற்குப் பெயர் வைத்தார், ஊர் சனம் பஃபலோ என்றே கூப்பிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் மனநலம் கெட்டு 1826இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அவருடைய ஆட்கள் எழுதிய குறிப்பேடுகளில் பதிவான மரங்களை வைத்து, குடியேற்றத்துக்கு முன்னால் அந்தக் காடு எப்படி இருந்தது என்று சூழலியலாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பீச் மரமும் சர்க்கரை மேப்பிள் மரமும் மிகுந்த காடு. மூலையைக் காட்ட எழுதிவைத்தது காட்டையே காட்டுகிறது. இந்த இரண்டாவது பயனையும் தாங்குகிற சொல் வேண்டும். சாட்சி மரம் என்றால் நீதிமன்றக் கூண்டு நினைவுக்கு வருகிறது, கதைகளில் ஆலமரத்தடியில் சத்தியம் செய்வதும் சேர்ந்துகொள்கிறது. சான்று மரம் என்றால் ஆளும் வரும், ஆவணமும் வரும். குறளில் சாட்சிக்கு வரும் 'கரி' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் 'கரிமரம்' என்று எழுதினால் விறகுக்கடை என்றுதான் படிப்பார்கள். அடையாள மரம் ரொம்பப் பொது, பேருந்து நிறுத்தத்துப் புளியமரமும் அடையாள மரம்தான்.

ஆகவே விட்னஸ் ட்ரீக்குச் சான்று மரம். திசையும் தூரமும் முறையாகக் குறித்த பேரிங் ட்ரீயைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் திசைச்சான்று மரம் போதும். சிக்கல் லைன் ட்ரீயில். அது கோட்டின் மேலேயே நிற்கிற மரம், இரண்டு பக்கமும் குறி வெட்டுவார்கள். எல்லை மரம் என்ற சொல்லை விட முடியாதவர்கள் இதற்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது மூலைக்குச் சரியாக வந்து நிற்கிற மரத்தை என்ன சொல்வது? கோட்டு மரம் என்று நான் எழுதிப் பார்த்தேன். 'கோட்டுப்பூ'வில் கோடு என்றால் கிளை, அந்தப் பொருள் குறுக்கே வருகிறது. குழுவில் சர்வே துறையில் இருந்தவர்கள் இருக்கிறார்கள், வரப்பின் மேலேயே நிற்கும் மரத்தைக் களத்தில் என்ன சொல்லி எழுதிக்கொள்வீர்கள் என்று தெரிவியுங்கள். அது வரும்வரை கட்டுரையில் கோட்டு மரமே இருக்கட்டும்.