சின்சேயிடம் (சீனப் பாரம்பரிய மருத்துவரிடம்) முதல்முறை போகிறீர்களா? சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து எங்கள் அனுபவங்கள்

தோ பாயோ அக்கா:

எட்டு மாதமாக வலது தோள் இறுகிக் கிடந்தது. சேலைக்குப் பின் குத்த முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார், தோளில் ஊசி போட்டார், பிசியோதெரப்பிக்கு அனுப்பினார். பாதி குணமானது. மீதிக்குத்தான் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி என்னைத் தன் சின்சேயிடம் கூட்டிக்கொண்டு போனார். முதல்முறை போகிறவர்கள் பயப்படக் கூடாது, அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டும் போகக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாளே ஆன்ட்டி சொல்லிவிட்டார்: "நாளைக்குக் காலையில் நாக்கு வழிக்காதே, காப்பி குடிக்காதே." நமக்கு நாக்கு வழிக்காமல் பொழுது விடியாது. ஆனால் அவர்கள் முதலில் பார்ப்பதே நாக்கைத்தான். அதன் நிறம், மேலே படிந்திருக்கும் மாவு, ஓரத்தில் பல் பதிந்த தடம் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள். வழித்துவிட்டுப் போனால் அவர்கள் படிக்க வேண்டியதை நாமே அழித்துவிட்ட மாதிரி. வெற்றிலை, பீட்ரூட், மஞ்சள் தூக்கலான குழம்பு எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

அடுத்தது நாடி. சின்னத் தலையணையில் மணிக்கட்டை வைக்கச் சொல்லி மூன்று விரலை வைத்தார். ஊரில் சித்த வைத்தியர் நாடி பார்த்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. இங்கே இரண்டு கையையும் பார்த்தார். மூன்று விரல் படும் இடங்களுக்கும் சுன், குவான், ச்சி என்று பெயர். இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம்.

இதைக் கேட்டுப் பதறிவிடாதீர்கள். "உங்கள் மண்ணீரல் பலவீனம்" என்று சின்சே சொன்னதும் என் தோழி ஒருத்தி பாலிகிளினிக்குக்கு ஓடி ஸ்கேன் கேட்டாள். ஸ்கேனில் தெரியும் மண்ணீரலை அவர் சொல்லவில்லை. சாப்பிட்டது செரிக்காமை, வயிறு உப்பல், சாப்பிட்டதும் வரும் அசதி இவற்றை எல்லாம் சேர்த்து அவர்கள் மரபில் அந்தப் பெயரில் சொல்கிறார்கள். புரியவில்லை என்றால் "உடம்பில் எது சரியில்லை என்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். நல்ல சின்சே பொறுமையாக விளக்குவார்.

சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு நமக்குப் பழகினது. அதனாலேயே இதில் அதிகம் இடறுகிறோம். சளி பிடித்தால் நாம் நண்டு ரசம் வைப்போம், நண்டு நமக்குச் சூடு. அவர்கள் கணக்கில் நண்டு நல்ல குளிர்ச்சி. அதனால்தான் கூடவே இஞ்சி சேர்த்துக்கொள்கிறார்கள். "குளிர்ச்சியானதைத் தவிர்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராமல், ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அக்குபங்சர் என்கிற குத்தூசி வைத்தியம். ஊசி கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும், ரத்தம் எடுக்கும் ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உறையை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும், ஒருமுறை குத்தியதும் குப்பைக்குப் போக வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வது உங்கள் உரிமை. எனக்குத் தோளில்தான் வலி, ஆனால் முதல் ஊசி முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்பக்கத்தில் இறங்கியது. தியாவ்கோவ் என்று அந்த இடத்துக்குப் பெயர். ஊசியை வைத்துக்கொண்டே "கையைத் தூக்கு, இன்னும் தூக்கு" என்றார். இறுகிய தோளுக்கு இப்படிச் செய்வது அவர்களிடம் பழைய வழக்கமாம்.

குத்தும்போது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பிறகு ஊசியை லேசாகத் திருகும்போது ஒரு கனம், ஒரு கடுப்பு, மரத்துப்போகிற உணர்வு பரவியது. அதற்குத் "த ச்சி" என்கிறார்கள். அது வந்ததா என்று கேட்பார்கள். மின்சாரம் பாய்ந்த மாதிரி சுளீரென்று இழுத்தால் அது வேறு, உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரும், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படி ஒரு சந்தேகம் இருந்தாலும், வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள ஹகு போன்ற சில இடங்களில் அப்போது குத்த மாட்டார்கள்.

ஆறு தடவை போனேன். இப்போது தலை பின்ன முடிகிறது. இதில் ஊசியின் பங்கு எவ்வளவு, பிசியோவின் பங்கு எவ்வளவு, உறைந்த தோள் நாளாவட்டத்தில் தானாக இளகியது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் 2000-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய முடியும். சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஈசூன்காரன்:

அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இதில் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது.

அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஐஎன்ஆர் என்கிற ரத்தப் பரிசோதனை எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். போன வருடம் அவர் உடம்பு தேறட்டும் என்று அம்மா ஒரு மருந்துக் கடையில் சூப் பொட்டலம் வாங்கினார். தாங்குய் என்ற வேரும் சிவப்பு நிறக் கோஜிப் பழமும் இருந்தன. இரண்டு வாரம் கோழியோடு போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். அப்பாவுக்கு ருசி பிடித்துப்போனது. ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, நிற்கவில்லை. தொடையில் எதிலும் இடிக்காமலே ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. மருத்துவமனையில் ஐஎன்ஆர் 5-ஐத் தாண்டியிருந்தது.

என்ன புதிதாகச் சாப்பிட்டீர்கள் என்று மருந்தாளர் கேட்டபோது அம்மா "ஒன்றுமில்லை" என்றுதான் சொன்னார். சூப் அவருக்கு மருந்தாகத் தோன்றவே இல்லை. நான்தான் பொட்டலத்தைப் படமெடுத்துக் காட்டினேன். தாங்குய், தான்ஷென் என்ற இன்னொரு வேர், கோஜி எல்லாமே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியவை என்று அவர் விளக்கினார். கடையில் எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

நாம் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் பையில் போட்டு எடுத்துப்போய்ச் சின்சேயின் மேசையில் கொட்டுங்கள். சின்சே கொடுத்ததை அதேபோல் டாக்டரிடமும் காட்டுங்கள். ரத்த அழுத்தக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீனக் கஷாயங்களில் கான்சாவ் என்று அடிக்கடி சேர்ப்பது நம் அதிமதுரத்தின் இனம்தான். தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

சைவ வீடு, பிடோக்:

எனக்குத் தோலில் அரிப்பு, தடிப்பு. சின்சே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து சின்னத் தராசில் நிறுத்து, வெள்ளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டினார். வேர், பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் நாட்டு மருந்துக் கடை வாசனையோடு இருந்தன. வீட்டில் பிரித்துப் பரப்பியபோது நடுவில் பழுப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி மெல்லிசாக, ஆறு காலோடு ஏதோ கிடந்தது. சில்வண்டு கழற்றிப்போட்ட கூடு. ச்சான்துய் என்பார்கள், அரிப்புக்கு அவர்கள் வழக்கமாகச் சேர்ப்பது.

மூன்று தலைமுறையாகப் புலால் தொடாத வீடு எங்களுடையது. அன்றைக்கு என் மாமியார் அந்தப் பாத்திரத்தையே அடுப்படியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. ஆனால் சின்சே மேல் பிழை இல்லை, நான் சைவம் என்று சொல்லவில்லை. மறுநாள் போய்ச் சொன்னதும் உடனே அதை எடுத்துவிட்டு வேறு மூலிகை எழுதினார். மண்புழு, சிப்பி ஓடு, கழுதைத் தோலைக் காய்ச்சிய பசை என்று இன்னும் பல உண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டுமல்ல, ஹலால் பார்க்கிறவர்களும் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

காய்ச்சும் முறை: மண்சட்டி அல்லது கண்ணாடிப் பாத்திரம், இரும்பும் அலுமினியமும் கூடாது. அரை மணி ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைத் தணித்து வற்றவிட வேண்டும். வடித்துவிட்டு அதே சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை காய்ச்சி, இரண்டையும் கலந்து காலை, இரவு என்று பிரித்துக் குடிக்க வேண்டும். புதினா இனத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் போட வேண்டும், முதலிலேயே போட்டால் மணம் ஆவியாகிவிடும். ஓடு, கல் வகைகள் இருந்தால் அவைதான் முதலில். எங்கள் மாடி முழுக்க வாசனை. வேலைக்குப் போகிறவர்களுக்குத் தூளாகவும் கொடுக்கிறார்கள், வெந்நீரில் கரைத்தால் போதும். அரிப்பு மூன்றாவது வாரத்தில் அடங்கியது.

ஜூரோங் வெஸ்ட்:

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனத்துக்கு. மாசிபத்திரி இனத்து இலையைச் சுருட்டாக்கிப் பற்றவைத்து, தோலுக்குப் பக்கத்தில் பிடித்துச் சூடு காட்டுவார்கள், மோக்ஸா என்று பெயர். வயிற்று வலிக்கு எனக்கு இதமாக இருந்தது. அதை நம்பி அம்மாவைக் கூட்டிப்போனேன். அவருக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கிறது. "சுடுகிறதா?" என்று கேட்டபோது "இல்லை" என்றார், உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் கொப்புளம். ஆற ஏழு வாரம் ஆனது. பாதத்தில் உணர்ச்சி இல்லை என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அவர்களும் கேட்டிருக்க வேண்டும்.

கப்பிங் வட்டங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். கண்ணாடிக் குவளைக்குள் தீயைக் காட்டி எடுத்துவிட்டு முதுகில் கவிழ்ப்பார்கள், உள்ளே தோல் இழுபடும். கருஞ்சிவப்புத் தழும்பு ஒரு வாரம், பத்து நாளில் மறையும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பட்டர்வொர்த்:

மலேசியாவில் 2007-ல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, சில அரசாங்க மருத்துவமனைகளிலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. என் கூடப்பிறந்த அக்காவுக்கு மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்தபோது குமட்டல் தாங்காமல் குத்தூசிக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு நரம்பு போல் தெரியும் தசைநாண்களுக்கு நடுவில் நெய்குவான் என்ற இடம். அங்கே ஊசி. ஒவ்வொரு முறையும் ரத்தத் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தொட்டார்கள். எண்ணிக்கை குறைந்த ஒரு வாரம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு ஏமாற்றமாக இருந்தது, ஆனால் அந்தக் கவனம்தான் எங்களுக்கு நம்பிக்கை தந்தது. குமட்டல் குறைந்து கஞ்சி இறங்கியது. கட்டிக்கு வைத்தியம் கீமோதான். கீமோவை விட்டுவிட்டு மூலிகைக்கு வா என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய பஸ் டிரைவர்:

காசில்லாதவர்கள் எங்கே போவது என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தோங் சாய் மருத்துவமனை 1867-லிருந்து இன மத பேதம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிறது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அறுபதுகளில் இடுப்புப் பிடித்துக்கொண்டபோது யூ தோங் சென் தெருவில் இருந்த பழைய கட்டடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குச் சீனம் தெரியாது, சின்சேக்குத் தமிழ் தெரியாது. சந்தை மலாயில் பேசிக்கொண்டார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு அப்பா சட்டைப்பையில் கைவிட்டார், அந்தப் பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அந்தக் கட்டடம் 1973-ல் தேசியச் சின்னமானது. மருத்துவமனை இப்போது சின் சுவீ ரோட்டில் இருக்கிறது.

தோ பாயோ அக்கா:

நாளைக்கு முதல்முறை போகும் தங்கச்சிக்கு: தளர்வான உடுப்பு, மாத்திரை அட்டைகள், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள். குழந்தையைக் கூட்டிப்போவதாக இருந்தால், பிறந்தபோது ஜி6பிடி குறைபாடு (சில மருந்து, மூலிகைகளால் ரத்தச் சிவப்பணு சிதையும் பிறவிக் குறை) என்று சொன்னார்களா என்று ஹெல்த் புக்கில் பார்த்துவிட்டுப் போ. ஹுவாங்லியன் என்ற மூலிகை அந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. அதற்காகவே 1978-ல் அதை இங்கே தடை செய்திருந்தார்கள், பிறகுதான் தளர்த்தினார்கள். இன்றைக்கும் அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

ஈசூன் தம்பி, அப்பாவுக்கு ஐஎன்ஆர் இப்போது எவ்வளவு?

ஈசூன்காரன்:

போன புதன்கிழமை 2.4, அக்கா. அம்மா இப்போது கடைக்குப் போனால் பொட்டலத்தைக் கையில் வாங்கும் முன்பே, "என் வீட்டுக்காரர் வார்ஃபரின் சாப்பிடுகிறார்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்.