தந்தியைத் தொட்டால் அடங்கும் இரைச்சல்: குறை கிற்றாரிலா, வீட்டு மின்னிணைப்பிலா?

ஆறுதந்தி (கல்லடி):

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, ஒருவர் பாவித்த மின்கிற்றார் ஒன்றை வாங்கினேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமைப்பிலானது, தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்றும், அவற்றுள் எது ஒலிக்கவேண்டும் என்று தெரிவுசெய்யும் ஐந்து நிலை ஆளி ஒன்றும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் தாண்டவன்வெளியில் தேவாலயப் பாடகர் குழுவுடன் வாசிக்கும்போது இரைச்சல் பெரிதாகத் தெரிவதில்லை. வீட்டிலோ, 15 வாற்று அம்பிளிபயரை என் அறையில் இயக்கி, கையைத் தந்தியிலிருந்து எடுத்தவுடன் வண்டு இரைவதுபோல் ஓர் ஒலி எழுகிறது. தந்தியைத் தொட்டால் பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது. ஆளியின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் குறைவு. ஒலியளவுக் குமிழைத் திருகும்போது தனியாகக் கரகரப்பும் கேட்கிறது.

கடையில் விசாரித்தபோது, பிக்கப் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று ஒருவரும், அம்பிளிபயரின் மூன்று பின் பிளக்கில் புவிக்கம்பியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று இன்னொருவரும் கூறினார்கள். பிக்கப்புக்குச் செலவழிக்க வசதியில்லை. புவிக்கம்பியைக் கழற்றத் துணிவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய வானொலி (கல்முனை):

தம்பி, பிக்கப்பை மாற்றச் சொன்னவரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் ஒரே இரைச்சல் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டு இரைச்சல்களாக இருக்கும். அவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது, அடித்தொண்டையில் முனகுவது போன்ற தாழ்ந்த ஒலி. எங்கள் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அம்பிளிபயரின் மின்மாற்றியைச் சூழ்ந்துள்ள காந்தப்புலத்தை ஒற்றைச் சுருள் அப்படியே வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, வண்டு இரைச்சல். மின்விசிறியின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ், கைப்பேசிச் சார்ஜர் ஆகியவை வெளிவிடும் மின்புலம் அதற்குக் காரணம். இணையக் காணொளிகள் பல 60 ஹேர்ட்ஸ் என்று சொல்வது அமெரிக்க மின்சாரத்துக்கே பொருந்தும். இங்கே செவியால் அறிய எளிய வழி உண்டு: தடித்த ஆறாம் தந்தியை மூன்றாம் கட்டையில் அழுத்தி மீட்டினால் 98 ஹேர்ட்ஸ் சுரம் வரும். இரைச்சல் அந்தச் சுரத்தோடு ஏறக்குறைய ஒட்டினால் அது 100 ஹேர்ட்ஸ், அதாவது மின்சாரத்தின் இருமடங்கு. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே முனகினால் 50.

தந்தியைத் தொட்டதும் குறைவது நல்ல அறிகுறியே. உங்கள் உடல் ஓர் அன்ரெனாவைப்போல் மின்புலத்தை வாங்கிக் கிற்றாருக்குக் கொடுக்கிறது. தந்தி, அதைத் தாங்கும் உலோகப் பாலத்தின் வழியாகப் புவியோடு இணைந்திருப்பதால், தொட்டவுடன் அதே உடல் மறைப்பாக மாறிவிடுகிறது. பாலத்துக்குச் செல்லும் கம்பி அறுந்திருந்தால் தந்தியைத் தொடுவதால் ஒரு மாற்றமும் வராது. கேபிள் செருகும் உலோகத் துளையைத் தொட்டால் மட்டுமே குறையும். இரண்டாம், நான்காம் நிலைகளில் குறைவதற்குக் காரணம், நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனையும் மாற்றி வைக்கப்பட்டிருப்பது. அந்த நிலைகளில் இரண்டு சுருள்கள் சேர்ந்து இயங்கும்போது முனகல் ஒன்றையொன்று அழிக்கிறது. தந்தியின் ஒலி அழிவதில்லை. ஆகவே சுருள்கள் நலமாகவே உள்ளன.

இன்றிரவு மூன்று காரியங்கள் செய்து பார்த்து எழுதுங்கள். கிற்றாரின் கேபிளை அம்பிளிபயரிலிருந்து பிடுங்கிய பின்னும் இரைச்சல் தொடர்கிறதா? கதிரையில் அமர்ந்தபடி மெல்ல ஒரு சுற்றுத் திரும்பும்போது எந்த ஒலி கூடிக் குறைகிறது? விசிறி, மின்குமிழ், சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தும்போது எது மாறுகிறது?

மின்னிணைப்பாளர் (அக்கரைப்பற்று):

மேலே எழுதியவரின் விளக்கத்தில் எனக்குப் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஓரிடத்தில் தம்பி ஏமாந்துவிடக்கூடாது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்பதிலிருந்து பாலத்துக் கம்பி நலம் என்று முடிவுசெய்யலாம். வீட்டின் புவித்தொடுப்பு நலம் என்று முடிவுசெய்ய முடியாது. அம்பிளிபயருக்குப் புவித்தொடுப்பே இல்லாதபோதும், சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடலே புவிக்கம்பியாகி, இரைச்சல் குறையும். செவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அம்பிளிபயரின் உள்ளே உயிர்க்கம்பி, அதாவது மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி, உலோகச் சட்டத்தில் பட்டுவிடும் நாளில்தான் வேறுபாடு தெரியும். அன்று மின்சாரம் தந்தியில் இருக்கும், தந்தியில் உங்கள் கை இருக்கும்.

புவிக்கம்பியைக் கழற்றச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். கழற்றினால் சில வேளைகளில் இரைச்சல் உண்மையாகவே குறையும், அதனால்தான் அந்த யோசனை சாகாமல் உலாவுகிறது. 1972 இல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியில், மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். சரியாகப் புவித்தொடுப்புச் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டிருந்தார்.

கரையோரத்தில் இது அடிக்கடி காண்கிற குறை. காய்ந்த மணலில் இறக்கிய புவிக்கோலின் தடை கோடையில் ஏறிவிடும். உப்புக்காற்றில் செப்புக் கம்பியின் முனை பச்சை பூத்து, திருகாணியிலிருந்து கழன்றுவிடும். தகுதியுள்ள ஒருவரை அழைத்து, அம்பிளிபயரின் பிளக்கைச் செருகும் குதையில் உயிர்க்கம்பிக்கும் புவிக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். 230 ஐ ஒட்டி நிலையாக நிற்கவேண்டும். இடைப்பட்ட ஏதோவோர் எண்ணில் அலைந்தால் புவிக்கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு முன் கிற்றாரைத் திறக்கவேண்டாம். அதுவரை அந்த அறையில் அம்பிளிபயரை இயக்கவும் வேண்டாம்.

ஆறுதந்தி (கல்லடி):

இருவருக்கும் நன்றி. அக்கரைப்பற்று அண்ணா எழுதியதைப் படித்த அம்மா, மறுநாளே மின்னிணைப்பாளரை வரவழைத்துவிட்டார். என் அறையின் குதையில் புவிக்கம்பி திருகாணியில் இருக்கவே இல்லை. பச்சை பூத்த முனை பெட்டிக்குள் தனியே கிடந்தது. அளந்தபோது 80 க்கும் 110 க்கும் இடையில் எண் அலைந்தது. முனையை வெட்டிப் புதிதாக இணைத்த பின்னர் 231 இல் நின்றது. வண்டு இரைச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது.

அதன் பின்னரே கல்முனை ஐயா சொன்ன சோதனைகளைச் செய்தேன். கேபிளைப் பிடுங்கினால் அம்பிளிபயர் அமைதியாகிவிடுகிறது. திரும்பும்போது தாழ்ந்த முனகல் மட்டும் கூடிக் குறைகிறது. யன்னலைப் பார்த்து அமர்ந்தால் இல்லை என்றே சொல்லலாம். மின்குமிழால் மாற்றம் இல்லை. விசிறியை மூன்றாம் வேகத்தில் விட்டால் வண்டு முழு மூச்சில் இரைகிறது. நிறுத்தினாலோ, முழு வேகத்தில் விட்டாலோ அடங்குகிறது. எஞ்சியதைக் கிற்றாரின் உள்ளே சரிசெய்ய முடியுமா?

மரவேலை (ஆரையம்பதி):

முடியும். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்னலையை நறுக்கி அனுப்புவதே அந்த வண்டு. இடை வேகங்களில் நறுக்கல் அதிகம். அந்த மின்புலத்தைத் தடுக்க, பிக்கப்பும் குமிழ்களும் அமர்ந்திருக்கும் குழியின் சுவர், அடி, மேல்தட்டின் பின்புறம் ஆகிய அனைத்தையும் செப்பு நாடாவால் ஒட்டி, அந்தச் செப்பைக் கிற்றாரின் புவியோடு இணைக்க வேண்டும். நாடாவின் பசையும் மின்கடத்த வேண்டும். அது கடத்தாத வகையென்றால், துண்டுகள் சந்திக்கும் இடந்தோறும் ஒரு துளி ஈயம் வைத்துவிடுங்கள். சமையலறை அலுமினியத் தாளும் மறைக்கும்; ஆனால் அதில் ஈயம் பிடிக்காது என்பதால் கம்பியைத் திருகாணியால் இறுக்கவேண்டி வரும், சில மாதங்களில் தளரவும் செய்யும்.

பலர் தவறுவது இறுதியில்தான். மேல்தட்டை மூடும்போது, ஆளியின் முனையோ, கேபிள் துளையின் நுனித்தகடோ செப்பில் பட்டால் கிற்றார் முழுவதும் ஊமையாகிவிடும். அந்த இடங்களில் மின்கடத்தா நாடாவை ஒட்டிவிட்டு மூடுங்கள். மூடியபின், கேபிளின் ஒரு முனையைக் கிற்றாரில் மட்டும் செருகி, குமிழை முழுவதும் திறந்து, மறுமுனையின் நுனிக்கும் உறைக்கும் இடையில் மல்ற்றிமீற்றரால் தடையை அளந்தால், ஒற்றைப் பிக்கப் நிலையில் 5 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டுவது வழக்கம். தந்திக்கும் உறைக்கும் இடையில் பூச்சியத்தை ஒட்டி வரவேண்டும்.

கரகரப்பு வேறு கதை. குமிழின் உள்ளே தூசியும் உப்பும் படிந்திருக்கும். மின்தொடுகைத் துப்புரவுத் திரவத்தைச் சிறிது விசிறி, இருபது முப்பது தடவை திருகுங்கள். கதவுக்கு விடும் எண்ணெயை விட்டால் தூசி மேலும் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: யன்னலைப் பார்த்தால் மறையும் அந்த முனகல் காந்தப்புலத்தால் வருவது, செப்பு நாடா அதனைத் தடுக்காது. அதற்காகவே 1955 இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். அம்பிளிபயரிலிருந்து இரண்டடி தள்ளி அமருங்கள். அல்லது யன்னலையே பாருங்கள்.

ஆறுதந்தி (கல்லடி):

இரண்டு நாள் வேலை. முதல் முறை மூடியபோது நீங்கள் சொன்னபடியே ஊமையாகிவிட்டது. துளையின் தகட்டுக்கு நாடா ஒட்ட மறந்திருந்தேன். இப்போது தந்தியைத் தொட்டாலும் விட்டாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை, கரகரப்பும் போய்விட்டது. விசிறி மூன்றாம் வேகத்தில் இன்னும் மெல்லிதாகக் கேட்கிறது. ஆகவே முழு வேகத்தில் விட்டுவிட்டு, பறக்கும் பாட்டுத் தாள்களுக்குக் கல் வைத்துக்கொண்டு பயிற்சி செய்கிறேன்.