காட்டு மண் உறிஞ்சும் மீத்தேன்: கூடுகிறதா, குறைகிறதா?

வேர்முடிச்சு:
தென்மேற்கு ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தின் 13 காட்டுத் திடல்களில் 24 ஆண்டுகள் வரை மண்காற்றை அளந்திருக்கிறார்கள். புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனை மண் உறிஞ்சுவது ஆண்டுக்குச் சராசரி 3% ஏறியிருக்கிறது. மண் காயும்போது துளைகளில் நீர் வடிந்து காற்று புகுகிறது. மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இரை எட்டுகிறது. வாயு நீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதான். வெயில் ஏறினாலும் இந்த மண் நமக்குத் துணை நிற்கும்.

ஈரமண்:
அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் பால்டிமோர், ஹப்பார்ட் புரூக் காடுகளின் நீண்டகால அளவீடுகளையும் உலகெங்கும் வெளியான தரவுகளையும் வைத்து ஷியாங்யின் நி, பீட்டர் கிராஃப்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-ல் எழுதிய ஆய்வு என்ன சொல்கிறது? 1988 முதல் 2015 வரை மீத்தேன் உறிஞ்சலில் சராசரி 77% சரிவு. அங்கே மழை கூடியது. நீங்கள் சொன்ன அதே விதிதான், எதிர்த்திசையில். அளவு மீறிக் காய்ந்தாலோ பாக்டீரியாவே முடங்கிவிடும்.

வேர்முடிச்சு:
அந்த 77% பல இடங்களின், பல முறைகளின் தொகுப்பு. ஜெர்மனியில் அதே திடல், அதே முறை.

ஈரமண்:
அந்த முறையில்தான் எனக்குத் தயக்கம். வெவ்வேறு ஆழங்களில் மீத்தேன் செறிவை அளக்கிறார்கள். வாயு பரவும் வேகத்தையோ மண்ணின் காற்றுத்துளை அளவிலிருந்து கணக்கிடுகிறார்கள். கல்லும் வேரும் மலிந்த மண்ணில் அது தவறினால் விடையும் தவறும். மண்மேல் கவிழ்க்கும் மூடுபெட்டியால் சரிபார்க்க வேண்டும்: அதன் அடி வளையத்தை முந்தைய நாளே 5 செ.மீ. பதித்து, மூடியபின் 0, 10, 20, 30 நிமிடங்களில் சிரிஞ்சால் காற்றெடுக்க வேண்டும். காற்றில் மீத்தேன் பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை. விளிம்பில் சிறு கசிவு இருந்தாலே உறிஞ்சல் குறைவாகத் தெரியும்.

தடக்கணக்கு:
இருவரும் அளவை மறக்கிறீர்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 3 கிலோ மீத்தேன் என்று வையுங்கள். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடாக்கும்; அதனால் 28-ஆல் பெருக்கினால் 84 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு கன மீட்டர் மரம் பிடித்துவைப்பது சுமார் 900 கிலோ! அதற்காக மண்ணை மிதித்துக் கெடுக்கலாம் என்றில்லை. மரம் வெட்டும் அறுவடை இயந்திரத்தின் 4 மீட்டர் தடம் 20 மீட்டருக்கு ஒன்றானால் காட்டில் ஐந்தில் ஒரு பங்கு இறுகுகிறது. இறுகிய தடத்தில் நீர் தேங்கினால் அந்த இடம் மீத்தேனை வெளிவிடவும் தொடங்கும். 40 மீட்டர் இடைவெளி விட்டால் சேதம் பாதி.

வேர்முடிச்சு:
இயந்திரத்தின் கை 10 மீட்டர்தானே எட்டும்?

தடக்கணக்கு:
ஆமாம். நடுப்பகுதி மரங்களை ஆள் இறங்கிச் சங்கிலி ரம்பத்தால் தடம் நோக்கிச் சாய்க்க வேண்டும். கூலி கூடும், அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். ஈர மண்ணில் இயந்திரத்தை இறக்காதிருக்க மட்டும் காசு தேவையில்லை, உறைபனிக்கோ வறண்ட வாரத்துக்கோ காத்திருந்தால் போதும்.

ஈரமண்:
குளிர்காலம் வெதுவெதுப்பாகி உறைபனி நாட்கள் குறைந்து வருகின்றனவே. அந்தக் காத்திருப்பு இன்னும் எத்தனை ஆண்டு செல்லும்?