லாபம் தெரிகிறது, கையில் பணமில்லை: தொழில் கட்டுப்படியாகிறதா?

கேள்வி: கணக்கில் லாபம் வருகிறது, மாதக் கடைசியில் ரொக்கம் இல்லை. தொழில் தாங்குமா என்று எப்படிக் கணிப்பது?

பதில் 1: முதலில் சமநிலைப் புள்ளி, அதாவது லாபமும் நஷ்டமும் இல்லாத விற்பனை அளவு. விலை 100, ஒரு உருப்படிக்கு ஆகும் மாறும் செலவு (மூலப்பொருள் போல விற்பனையோடு கூடுவது) 60 என்றால் மிச்சம் 40. மாத நிலையான செலவு (வாடகை போல விற்றாலும் விற்காவிட்டாலும் ஆவது) 20,000 என்றால் 500 விற்க வேண்டும். 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் மிச்சம் 30தான். 667 விற்க வேண்டும்! உங்கள் உழைப்புக்கான சம்பளத்தையும் நிலையான செலவில் சேருங்கள். அதை விட்டால் கணக்கே பொய்.

பதில் 2: ரொக்கம் மாட்டுவது வசூலில். வாடிக்கையாளர் 60 நாளில் தருகிறார், சப்ளையருக்கு 15 நாளில் கொடுக்கிறீர்கள் என்றால் நடுவில் 45 நாள் உங்கள் பணம் முடங்கும். விற்பனை கூடினால் இந்த ரொக்கப் பள்ளமும் ஆழமாகும். முன்பணம் கேளுங்கள்.

பதில் 3: கடன் தவணையில் அசல் பகுதி லாபக் கணக்கில் வராது, ரொக்கத்தில் போகும். அதையும் பாருங்கள்.