மகளின் அடிவயிற்று வலி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர் பக்கம். மகளுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறாள். எட்டு மாதமாக அடிவயிற்றில் வலி. முதலில் மாதவிலக்கு நாட்களில்தான் வந்தது, இப்போது மற்ற நாட்களிலும் விடுவதில்லை. இடது பக்கம் இழுத்துப் பிடித்துத் தொடை வரை இறங்குகிறது. போன வாரம் பள்ளிக்கூடம் கிளம்பியவள், ஒரு காலில் செருப்பை மாட்டியபடியே வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு முறை ஸ்கேன் எடுத்தாயிற்று. ரத்தம், சிறுநீர் எல்லாம் நார்மல். "வயசுப் பிள்ளைக்கு இது சகஜம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். வலியில் பல்லைக் கடிக்கிற பிள்ளையிடம் சொல்லும் பேச்சா அது?

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இந்த வயதிலும் வரும், சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகும். மலச்சிக்கல், சிறுநீர்ப்பைக் கோளாறு, இடுப்புத் தசை இறுக்கம்கூடக் காரணமாக இருக்கலாம். அதனால் புதுச்சேரி ஜிப்மருக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி இருந்ததா? எந்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது? எம்.ஆர்.ஐ. போதுமாக இருந்ததா, லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) வரை போனீர்களா? அதற்கு இந்த வயதில் சரி என்று சொல்லலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம், பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற பெண் டாக்டர் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால் சொல்லுங்கள். எந்த நாள், எவ்வளவு நேரம் வலித்தது என்று அவளே ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். அதையும் எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறோம்.